கல்யாண டிவிடிகளைக் கணினிக்கு மாற்றுதல்: ஐஎஸ்ஓவா, எம்கேவியா, எம்பி4-ஆ?

2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் நம் வீடுகளில் நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் பெரும்பாலும் விசிடியாகவோ டிவிடியாகவோதான் கைக்கு வந்தன. ஸ்டுடியோவில் மூல டேப் இன்னும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். அடுத்த முகூர்த்தத்துக்கு அதே டேப்பில் பதிவு செய்வது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. ஆக, பீரோவில் கிடக்கும் அந்த வட்டுதான் மூலப் பிரதி. கடையில் வாங்கிய சினிமா டிவிடி அச்சில் அழுத்தி எடுத்தது. ஸ்டுடியோவில் எழுதிய டிவிடியிலோ படம் ஒரு சாயப்பூச்சில் பதிந்திருக்கிறது. வெயில், புழுக்கம், ஈரம் மூன்றுமே அந்தச் சாயத்துக்கு ஆகாது.

மாற்றுவதற்கு மூன்று வழிகள் உண்டு. என் தேர்வு எம்கேவி. மற்ற இரண்டுக்கும் இடம் இருக்கிறது, ஆனால் முதல் வேலையாக அல்ல.

எம்கேவி என்பது படத்தையும் ஒலியையும் ஒன்றாகப் பொதிந்து வைக்கும் வெறும் உறை. மேக்எம்கேவி என்ற மென்பொருள் டிவிடியில் 1 ஜிபி துண்டுகளாகக் கிடக்கும் விஓபி என்ற வீடியோ கோப்புகளை வரிசையாகச் சேர்த்து ஒரே கோப்பாகத் தரும். படத்திலோ ஒலியிலோ கை வைக்காது. அத்தியாயப் பிரிவுகளும் வந்துவிடும், முகப்புப் பட்டியல் மட்டும் போய்விடும். விஓபி கோப்புகளை அப்படியே இழுத்துப் போட்டாலும் ஓடும்தான். ஆனால் துண்டு மாறும் இடத்தில் படம் தடுக்கும், நேரக்கணக்கும் குழம்பும்.

ஐஎஸ்ஓ வட்டின் முழு நகல். மணமக்கள் படமும் நாதஸ்வரமும் வைத்து ஸ்டுடியோக்காரர் செய்த முகப்பு வரை அப்படியே இருக்கும். சிக்கல் பார்க்கும்போதுதான். டிவியின் யுஎஸ்பியில் செருகினால் பெரும்பாலும் ஓடாது, வீட்டு வீடியோ சர்வருக்கான பிளெக்ஸ் மென்பொருளும் ஏற்காது. ஆனால் கீறல் விழுந்த வட்டுக்கு ஐஎஸ்ஓவே சரியான வழி. லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை படித்தது என்று குறித்துக்கொள்வதால், மிச்சத்தை வேறொரு டிரைவில் போட்டும் தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. அப்படிக் கிடைத்த ஐஎஸ்ஓவை மேக்எம்கேவியில் திறந்து எம்கேவி ஆக்கிக்கொள்ளலாம்.

விசிடிக்கு மட்டும் இது பொருந்தாது. அதன் படப் பகுதி வேறு வகையில் எழுதப்பட்டிருப்பதால் ஐஎஸ்ஓ சரியாக வராது, பின்-கியூ (bin/cue) என்ற நகல் வடிவில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் வட்டின் எம்பெக்ஏவி (MPEGAV) அடைவில் இருக்கும் டாட் (.dat) கோப்புகளை நகலெடுங்கள், விஎல்சி பிளேயரில் ஓடும்.

எம்பி4-க்கு மாற்றுவதைத்தான் பலரும் முதலில் செய்கிறார்கள். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டால் 4 ஜிபி டிவிடி ஒன்றரை ஜிபி அளவுக்குச் சுருங்கும், எந்தப் போனிலும் ஓடும். ஆனால் இது மறு குறியாக்கம், அதாவது படத்தை மீண்டும் சுருக்கி எழுதுவது; போனது திரும்பாது. மங்கலான மண்டபம், ஹோமப் புகை, பட்டுச்சேலை ஜரிகை, பறக்கும் அட்சதை என்று கல்யாண வீடியோவில் சுருக்கத்துக்கு ஒத்துவராத காட்சிகளே அதிகம். இன்னொன்று, இந்த டிவிடிகளின் படம் பெரும்பாலும் நொடிக்கு 50 அரைப்படங்களாகப் பின்னப்பட்டது (இன்டர்லேஸ்). ஹேண்ட்பிரேக் தன்போக்கில் அதை 25 முழுப்படமாக்கும்போது பாதி அசைவு தொலைகிறது. பின்னல் நீக்கும் (Deinterlace) இடத்தில் ‘பாப்’ (Bob) என்பதைத் தேர்ந்து, படவேகத்தையும் 50 என வைத்தால் 50 படமாக வரும். தாலி கட்டும்போது கொட்டும் கெட்டிமேளத்தின் கைவேகம் டிவியில் பார்த்தபடியே இருக்கும். தர எண்ணை (RF) 18-ஐ ஒட்டி வையுங்கள். படத்தை 4கே ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களை இதில் சேர்க்கவே வேண்டாம். அவை இல்லாத நுணுக்கத்தை இட்டு நிரப்புகின்றன. பாட்டியின் முகம் பாட்டியின் முகமாகவே இருக்கட்டும்.

இடம் போதாது என்ற கவலைக்கும் ஆதாரமில்லை. ஓர் அடுக்கு டிவிடி 4.7 ஜிபி. 200 வட்டு விளிம்பு வரை நிரம்பியிருந்தாலும் 940 ஜிபிதான், 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும். ஆகவே எம்கேவியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, வாட்ஸப்பில் கேட்பவர்களுக்கு மட்டும் எம்பி4 செய்து கொடுங்கள். ஹார்ட் டிஸ்க் இரண்டாக இருக்கட்டும், ஒன்று அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுக்கத்தான், சேமிக்க அல்ல.

சரி, எல்லோரும் பார்ப்பது எப்படி? யூடியூபில் ஏற்றுவது எளிது. ஆனால் நம் கல்யாண வீடியோ முழுக்கச் சினிமாப் பாட்டு. பட்டியலிடாமல் வைத்தாலும் பாட்டின் உரிமைக் கோரல் வரும், சில நாடுகளில் தடையும் ஆகும்.

வீட்டிலேயே ஒரு பழைய லேப்டாப்பைச் சர்வராக்கினால் அதில் நிறுவ பிளெக்ஸ், ஜெல்லிஃபின் என்ற மென்பொருள்கள் இரண்டில் ஒன்று. பிளெக்ஸ் செயலி அநேகமாக எல்லா டிவியிலும் கிடைக்கும், வெளிநாட்டு உறவினருக்குப் பழகுவதும் சுலபம். ஆனால் 2025 ஏப்ரல் 29 முதல் வீட்டுக்கு வெளியிலிருந்து வீடியோ பார்க்கச் சந்தா வேண்டும். ஜெல்லிஃபின் முழுக்க இலவசம், திறந்த மூலம், எந்த நிறுவனத்திலும் கணக்குத் தொடங்க வேண்டாம். வெளியிலிருந்து பார்க்க டெயில்ஸ்கேல் போன்ற, இரு கருவிகளை இணையம் வழியே தனி வலையாக இணைக்கும் மென்பொருளை இரு பக்கமும் நிறுவ வேண்டும்; ஒருமுறை செய்தால் போதும். குடும்பத்தில் ஒருவருக்காவது அதற்குப் பொறுமை இருந்தால் ஜெல்லிஃபினே என் பரிந்துரை. எம்கேவிக்குள் இருக்கும், டிவிடியின் பட வடிவமான எம்பெக்-2 படத்தைப் பிரௌசர்களும் ஐபோனும் நேரடியாக வாசிக்காது, சர்வர் அந்த நேரத்தில் மாற்றித் தரும். டிவிடி அளவுப் படம் என்பதால் பழைய லேப்டாப்பே தாங்கும். எதை நிறுவினாலும் திரைப்படப் பிரிவில் போடாமல் வீட்டு வீடியோவுக்கான பிரிவில் போடுங்கள். இல்லாவிட்டால் சித்தப்பா கல்யாணத்துக்கு ஏதாவது ஒரு சினிமா போஸ்டர் வந்து ஒட்டிக்கொள்ளும்.

எதில் தொடங்குவது என்றால், மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டிய விசிடிகளில். சிடி வகையில் தகவல் அடுக்கு அந்த ஸ்டிக்கருக்கு நேர் கீழே, மெல்லிய பூச்சாக இருக்கிறது. ஸ்டிக்கரை உரித்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். ஓரம் தூக்கியிருந்தாலும் உரிக்காமல், அப்படியே அழுத்திவிட்டு டிரைவில் போடுங்கள். டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அது சில வாரம் பொறுக்கும்.