குதிரைத் தீவனம் என்று வந்தது கோழித் தீவனம்: 48,500 ரூபாய் போய்விட்டது, கவனம்

யாழ்ப்பாணத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் ஒரு சிலர்தான். அவர்களில் ஒருவராவது இதைப் பார்த்துத் தப்பட்டும். 48,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மூட்டை வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

நுவரெலியாவில் சவாரிக்கு நின்ற வயதான பெட்டைக் குதிரை ஒன்றை நீர்வேலியில் வளர்க்கிறோம். 400 கிலோ வரும். அந்த எடைக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 கிலோ உலர்தீனி வயிற்றுக்குள் போக வேண்டும். ஆவணி வெயிலில் புல் கருகிவிட்டது. பல்லும் தேய்ந்துவிட்டது. ஊறவைத்துக் கொடுக்கிற தீவனம் தேடியபோதுதான் ஒன்லைனில் விற்கும் இந்தக் கடை கிடைத்தது.

போனில் கதைத்த பெடியன் விலை சொல்லமுதல் கேட்டது இதுதான்: "அக்கா, புல்லைச் சப்பிப்போட்டு உருண்டையாத் துப்புறாவோ?" எங்கள் குதிரை அதைத்தான் செய்கிறது. பல் போன குதிரையைப் பார்த்துப் பழகியவனுக்குத்தான் இப்படிக் கேட்கத் தெரியும் என்று நினைத்தேன். அந்த ஒரு கேள்வியில் விழுந்தேன். 25 கிலோ மூட்டை 7,500 ரூபாய்ப்படி ஆறு மூட்டை, லொறிக் கூலி 3,500. முழுக் காசும் அன்றே வங்கியில் போட்டேன்.

வந்தது அச்சு எதுவும் இல்லாத வெள்ளை உரப்பை. வாய் பாதி சிவப்பு நூலிலும் பாதி நைலோனிலும் கையால் தைத்திருந்தது. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். புதுத் தீவனத்தை ஏழு, பத்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் பழக்க வேண்டும் என்பதால் முதல் நாள் இரண்டு கைப்பிடிதான் வைத்தேன். அவள் மோந்துவிட்டு, ஒரு வாய் எடுத்துவிட்டு, வாளியை மூக்கால் தள்ளினாள். உள்ளே கை விட்டுப் பார்த்தேன். ஈரக் கட்டி, பச்சைப் பூசணம். அடியில் கிழிந்த லேபல் துண்டு, அதில் "கோழி" என்ற எழுத்து.

இது காசு விஷயம் மட்டுமில்லை. கோழிகளுக்கு இரத்தக் கழிச்சல் வராமல் தீவனத்தில் மொனென்சின் என்ற மருந்து கலப்பது உண்டு. கோழிக்கு நல்லது, குதிரைக்கு நஞ்சு. இதயத் தசையை அழிக்கும், மாற்று மருந்து இல்லை. தின்றதைக் குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. மிருக வைத்தியர் வந்து இதயத் துடிப்பைப் பார்த்தார். பாதிப்பு பிந்தியும் வரலாம், சில நாள் ஓடவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

உடனே கடைக்குப் போன் எடுத்தேன். முதலில், "பொறுப்பானவர் நாளைக்குக் கதைப்பார் அக்கா." மறுநாள், "நீங்கள் ஈரத்தில வைச்சிருப்பீங்கள்." ஆவணியில் இங்கே எங்கே ஈரம்? பிறகு, "காயவைச்சுக் குடுங்கோ." கடைசியில், "நெடுந்தீவுக் குதிரையள் எல்லாத்தையும் தின்னுதுகள்தானே?" போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து அந்தத் தீவில் மேய்ந்து பழகிய குதிரைகள் அவை. அவையே வறட்சியில் தண்ணீரும் புல்லும் இல்லாமல் செத்துப்போகின்றன. அதைப் பார்த்த ஒருவனும் இப்படிக் கதைக்கமாட்டான். லேபல் துண்டின் படத்தை அனுப்பினேன், அதோடு என் இலக்கத்தை முடக்கிவிட்டார்கள். 48,500 ரூபாய்!

என்ன பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், இப்போது முடியவில்லை. லேபல் இல்லாத மூட்டையை லொறியிலிருந்து இறக்கவே விடாதீர்கள். கோழித் தீவனம், மாட்டுத் தீவனம் எதையும் குதிரை வாளிக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். முழுக் காசையும் முதலே போடாதீர்கள். பூசண மணம் வந்தால் காயவைத்தும் கொடுக்காதீர்கள்.

வைத்தியர் பின்னேரம் திரும்ப வருகிறார். ஆறு மூட்டையும் மாமரத்தடியில் கிடக்கின்றன, பக்கத்து வளவு ஆடு மாடு வாய் வைக்காதபடி தகரம் போட்டு மூடியிருக்கிறேன்.