நீலச் சொட்டு மருந்து: போர்வெல் தண்ணீரில் காப்பாற்றியது, ஆர்.ஓ. தண்ணீரில் கொன்றது

கொளத்தூரில் மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் போன மாதம் ஒரு நீல நிறச் சொட்டு மருந்து வாங்கினேன், 60 மில்லி பாட்டில், 110 ரூபாய். ஹாலில் போர்வெல் தண்ணீர் ஊற்றிய பெரிய தொட்டியில் கோல்டு ஃபிஷ் ஐந்துக்கும் உப்பைத் தூவியது போல உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தன. மருந்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. உள்ளே இருப்பது மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். இந்த வகை மருந்து எதை வாங்கினாலும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஹால் தொட்டியில் மருந்து வேலை செய்தது. நான்காம் நாள் புள்ளிகள் உதிர்ந்தன, ஒரு வாரத்தில் ஐந்தும் பழையபடி கண்ணாடியை முட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு வந்தன. புள்ளியாகத் தெரியும்போது இந்த நோயை உண்டாக்கும் கிருமி தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கும், அப்போது மருந்து அதைத் தொடாது. கீழே விழுந்து பெருகி, குட்டிகளாக நீந்தி வரும்போதுதான் செம்பு அதைக் கொல்லும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும். இதை லேபிளில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள், அதைப் பாராட்டுகிறேன்.

அப்புறம்தான் பிரச்சினை. மகள் அறையில் 20 லிட்டர் தொட்டி ஒன்று, அதில் எட்டு நியான் டெட்ரா. அவற்றுக்கு மென்மையான தண்ணீர் வேண்டும் என்று வீட்டு ஆர்.ஓ. தண்ணீரையே பெரும்பாலும் ஊற்றி வந்தேன். அதிலும் இரண்டு மீனில் புள்ளி தெரிந்தது. "பத்து லிட்டருக்கு ஒரு சொட்டுக்கா, எந்தத் தொட்டிக்கும் இதே கணக்குதான்" என்று கடைத் தம்பி சொல்லியிருந்தார், லேபிளிலும் அதேதான். இரண்டு சொட்டு விட்டேன். மறுநாள் காலை ஆறு மீன் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. மாலைக்குள் எட்டும் போய்விட்டன. என் மகள் அன்று சாப்பிடவில்லை.

நான் விலங்கியல் படித்தவள். அந்த இரவு உட்கார்ந்து யோசித்தபோது காரணம் பிடிபட்டது. எங்கள் போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 900, ஆர்.ஓ.வில் 40. கடினத் தண்ணீரில் செம்பின் பெரும்பகுதியைக் கார்பனேட்டு பிடித்து வைத்துக்கொள்ளும், செவுளில் ஒட்டும் இடத்துக்குக் கால்சியமும் போட்டி போடும். ஆர்.ஓ. தண்ணீரில் இந்த இரண்டும் மிகக் குறைவு, விட்ட செம்பு கிட்டத்தட்ட முழுவதும் அயனியாக மீன்மேல் பாயும். டெட்ரா இயல்பிலேயே கோல்டு ஃபிஷ்ஷைவிட மென்மையானது, அதையும் கணக்கில் வைக்கிறேன்.

செம்பு முதலில் செவுளில் சோடியத்தை உள்ளே இழுக்கும் நொதியை முடக்குகிறது, மீன் உடம்பு உப்பை இழக்கத் தொடங்குகிறது. ரத்தத்துக்குள் போனபின் நடப்பதுதான் கொடுமை. செல்லில் சாதாரணமாகவே கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும், அதைச் செம்பு ஹைட்ராக்சில் ரேடிக்கலாக மாற்றுகிறது, அது கையில் கிடைத்ததை எல்லாம் தாக்கும். தடுக்க வேண்டிய குளுட்டாதயோன் தீர்ந்துபோகிறது, சிவப்பணுவின் சவ்வு கெட்டு அணு உடைகிறது, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அது பிராணவாயுவைச் சுமக்காது. ஏர் பம்ப் எவ்வளவு ஓடினாலும் மீன் திணறுவது இதனாலும்தான். நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, மீனுடையதில் உண்டு, அதனால் சேதம் சவ்வோடு நிற்காமல் டிஎன்ஏ வரை போகிறது. தண்ணீரில் நச்சு இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வகங்களில் மீனின் ரத்தத் துளியை எடுத்து, சிதறிய சிறு உட்கருக்களை எண்ணுவதும் இதை வைத்துத்தான். இத்தனைக்கும் செம்பு மீனுக்குத் தேவையான பொருள். இதே ரேடிக்கல் தொல்லையைச் சமாளிக்கும் ஒரு நொதியே செம்பு இல்லாமல் இயங்காது. அளவு மீறும்போதுதான் விஷம், அந்த அளவோ மிகச் சின்னது. நாம் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மென்மையான தண்ணீரில் அதில் சிறு பங்கே பல மீன்களைக் கொன்றுவிடும்.

குளத்து மீன் வளர்ப்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. தண்ணீரின் காரத்தன்மையை (கார்பனேட்டு வகை உப்பு எவ்வளவு என்று காட்டும் எண், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 100ஆல் வகுத்தால் வருவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்பது. காரத்தன்மை 50க்குக் கீழே இருந்தால் செம்பையே தொடக் கூடாது. என் குறை இங்கேதான். இந்த ஒரு வரி லேபிளில் இல்லை, ஒரு சொட்டில் எவ்வளவு செம்பு என்ற எண்ணும் இல்லை, இறாலும் நத்தையும் இருந்தால் விடாதீர்கள் என்ற எச்சரிக்கைகூட இல்லை. சென்னையில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் போர், அடுத்த வீட்டில் மெட்ரோ வாட்டர், அதற்கடுத்ததில் லாரி, எல்லார் வீட்டிலும் ஆர்.ஓ. எல்லாவற்றுக்கும் ஒரே சொட்டுக் கணக்கு எப்படிச் சரியாகும்?

மருந்துக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுக்கிறேன், அதுவும் கோல்டு ஃபிஷ்ஷுக்காக. வாங்கத்தான் வேண்டும் என்றால் காரத்தன்மை பார்க்கும் கிட், செம்பு பார்க்கும் கிட் இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். மீன் திணறினால் உடனே பாதித் தண்ணீரை மாற்றி ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள், அது செம்பை இழுத்துக்கொள்ளும். வழக்கமாக மருந்து விடும்போது கார்பனை வெளியே எடுக்கச் சொல்வதும் அதனால்தான். மகளின் தொட்டியை முழுக்கக் கழுவி, பழைய கற்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, இப்போது ஆர்.ஓ.வில் கொஞ்சம் போர் தண்ணீர் கலந்து வைத்திருக்கிறேன். மீன் இன்னும் விடவில்லை.