வெப்பப் பாடத்துக்கு எந்த உலகப் படம்? மெர்காட்டர், கால்-பீட்டர்ஸ், ராபின்சன், ஈக்குவல் எர்த்: ஓர் ஒப்பீடு

புவியியல் பாடத்தில் வளிமண்டலம் ஓர் அத்தியாயம், சூரிய ஆற்றல் இன்னோர் அத்தியாயம், நிலவரைபடம் எங்கோ கடைசியில் தனியாக ஒன்று. இப்படிப் பிரித்துப் படிப்பதில் ஒரு முக்கியமான தொடர்பு விட்டுப்போகிறது. பூமியின் வெப்பம் எங்கே சேர்கிறது, எங்கே இழக்கப்படுகிறது என்பதை மாணவர்கள் எண்களால் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சுவரில் மாட்டிய உலகப் படத்தைப் பார்த்தே மனதில் பதித்துக்கொள்கிறார்கள். படம் எப்படி வரையப்பட்டதோ அப்படித்தான் வெப்பமும் மனதில் பதியும்.

உருண்டையைத் தட்டையான தாளில் எங்கும் ஒரே அளவு மாறாமல் கொண்டுவர முடியாது. 1827இல் கார்ல் ஃபிரெடரிக் காஸ் இதற்குக் கணித ஆதாரமே கொடுத்துவிட்டார். ஆகவே பரப்பு, வடிவம், திசை, தூரம் ஆகியவற்றில் எதைக் காப்பாற்றுவது, எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் ஒவ்வொரு கோட்டுச்சட்டத்துக்கும் (உருண்டையைத் தாளில் வரையும் முறைக்கும்) முன்னால் உள்ள கேள்வி. வளிமண்டலமும் வெப்பமும் நடத்துகிறவருக்கு மூன்று விஷயங்கள் முக்கியம் என்று நினைக்கிறேன்: பரப்பு சரியாக இருக்க வேண்டும், காற்றின் திசை அதிகம் கோணக்கூடாது, அட்சக்கோடுகள் கிடைமட்டமாக நேராக ஓட வேண்டும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் வெயில் அட்சத்தைப் பொறுத்தது. ஒரே அட்சத்தில் உள்ள இடங்களை ஒரே கோட்டில் விரல் வைத்து நகர்த்திக் காட்ட முடிந்தால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

மெர்காட்டர்: கடலில் சரி, வகுப்பறைச் சுவரில் தவறு

1569இல் கெரார்டஸ் மெர்காட்டர் இதை வெளியிட்டது மாலுமிகளுக்காக. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போகும் பாதை இந்தப் படத்தில் நேர்கோடாக விழும். அதற்காக அவர் செய்த ஏற்பாடு இது: துருவத்தை நோக்கிப் போகப் போக, கிழக்கு மேற்காக எவ்வளவு நீள்கிறதோ அதே அளவுக்கு வடக்கு தெற்காகவும் நீட்டிவிடுவது. அதனால் உள்ளூர் வடிவமும் கோணமும் கெடுவதில்லை. பரப்புதான் ஊதிப் போகிறது. 60 பாகை அட்சத்தில் நீளம் 2 மடங்கு, பரப்பு 4 மடங்கு. 80 பாகையில் பரப்பு ஏறக்குறைய 33 மடங்கு.

இங்கேதான் வெப்பப் பாடத்தோடு நேரடி மோதல் வருகிறது. சம இரவு நாளின் நண்பகலில் வளிமண்டலத்தின் உச்சியில், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1,361 வாட். அதே நேரத்தில் 60 பாகையில் கதிர் சாய்ந்து இரண்டு மடங்கு பரப்பில் பரவுவதால் அங்கே பாதிதான் கிடைக்கும். அட்சத்தின் கோசைன் மதிப்பு குறையக் குறைய வெயில் குறைகிறது. மெர்காட்டர் படமோ அதே கோசைனின் வர்க்கத்தால் வகுத்துப் பரப்பைப் பெரிதாக்குகிறது. வெயில் எங்கே மெலிகிறதோ அங்கேயே படம் வீங்குகிறது. வெப்பத்தைக் கற்பிக்க இதைவிடத் தலைகீழான படம் ஒன்றை வேண்டுமென்றே வரைந்தாலும் வராது.

கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியா சுமார் 32.9 லட்சம், ஆப்பிரிக்கா 3 கோடிக்கும் மேல். மெர்காட்டரில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவோடு போட்டி போடும் அளவில் நிற்கிறது. இந்தியா அதன் பக்கத்தில் சிறுத்துப்போகிறது. இது பலரும் அறிந்த குறை. இதனால் வெப்பமண்டலம் முழுவதும் சுருங்கிப்போவதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். அந்தக் கணக்கைக் கீழே பார்ப்போம்.

சரி, மெர்காட்டரைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடவே கூடாது. வங்கக் கடலில் ஒரு புயல் நகர்வதைக் குறிக்க இதைவிட நல்ல படம் கிடையாது. சென்னையின் 13 பாகை அட்சத்தில் நீளப் பிழை 3 விழுக்காட்டைத் தொடாது. கோணம் சரியாக இருப்பதால் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று தென்மேற்கிலிருந்தே வருவதாகத் தெரியும். சமஅழுத்தக் கோட்டைக் காற்று எந்தக் கோணத்தில் வெட்டுகிறது என்பதும் கெடாது. வானிலை ஆய்வில் வெப்பமண்டலத்துக்கு மெர்காட்டர், நடு அட்சங்களுக்கு லாம்பர்ட் கூம்பு, துருவப் பகுதிக்கு ஸ்டீரியோகிராஃபிக் என்று பிரித்துப் பயன்படுத்துவதற்குக் காரணம் இந்த மூன்றும் கோணத்தைக் காப்பவை என்பதுதான். கைப்பேசி வரைபடங்களும் இதே காரணத்தால்தான் மெர்காட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன: எந்த ஊரைப் பெரிதாக்கினாலும் தெருமுனை செங்கோணமாகவே இருக்கும், வடக்கு மேலேயே இருக்கும். கூகுள் மேப்ஸ் 2018இல் கணினித் திரையில் முழுக்கச் சிறிதாக்கினால் உருண்டையைக் காட்டத் தொடங்கியது நல்ல முடிவு.

கால்-பீட்டர்ஸ்: நோக்கம் நேர்மையானது, காற்றுக்கு ஒத்துவராது

ஸ்காட்லாந்தின் பாதிரியார் ஜேம்ஸ் கால் 1855இலேயே முன்வைத்த அமைப்பு இது. 1970களில் ஜெர்மனியின் அர்னோ பீட்டர்ஸ் இதைப் புதியது போல அறிமுகப்படுத்தி, மெர்காட்டர் ஐரோப்பாவைப் பெரிதாக்கி வெப்பமண்டல நாடுகளைச் சிறுமைப்படுத்துகிறது என்று வாதிட்டார். வரைபடவியலாளர்கள் கோபப்பட்டார்கள். சமபரப்புப் படங்கள் (பரப்பின் விகிதத்தைக் கெடுக்காத படங்கள்) ஏற்கெனவே பல இருந்தன என்பது அவர்கள் வாதம், அது உண்மையும்கூட. ஆனாலும் பொதுமக்கள் முதல்முறையாக ஓர் உலகப் படத்தைச் சந்தேகத்தோடு பார்த்தது பீட்டர்ஸால்தான், அந்தப் பெருமையை அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை. 2017இல் பாஸ்டன் நகர அரசுப் பள்ளிகள் இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தன.

பரப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. அட்சக்கோடுகளும் நேர்கோடுகள். சிக்கல் வடிவத்தில் வருகிறது. 45 பாகையில் மட்டும்தான் வடிவம் இயல்பாக இருக்கும். அதாவது வெப்பமண்டலத்துக்கு நியாயம் கேட்ட படத்தில் மிக நன்றாகத் தெரிவது தெற்கு ஐரோப்பாவும் வட அமெரிக்காவின் நடுப்பகுதியும். நிலநடுக்கோட்டில் எல்லாமே வடக்கு தெற்காக 2 மடங்கு இழுபடுகிறது. தமிழ்நாட்டின் 11 பாகையில் இழுவை ஏறக்குறைய 1.9 மடங்கு.

அப்புறம் இதில் பருவக்காற்றை வரைந்து பாருங்கள். சரியாகத் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று நிலத்தில் வடக்கோடு 45 பாகை கோணம் கொண்டது. தமிழ்நாட்டின் அட்சத்தில் அதே காற்று கால்-பீட்டர்ஸ் படத்தில் வெறும் 27 பாகையாக நிமிர்ந்துவிடும். கிட்டத்தட்டத் தெற்கிலிருந்து வருவது போலத் தோன்றும். புவியின் சுழற்சி காற்றை எப்படித் திருப்புகிறது என்று விளக்கிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு இது பெரிய இடைஞ்சல்.

ராபின்சனும் விங்கல் டிரிப்பலும்

1963இல் ஆர்தர் ராபின்சன் ராண்ட் மெக்நாலி நிறுவனத்துக்காக உருவாக்கியது. கண்ணுக்கு எது சரியாகத் தெரிகிறதோ அதை நோக்கித் திருத்தித் திருத்தி வந்து சேர்ந்த படம். நேஷனல் ஜியோகிராஃபிக் 1988இலிருந்து பத்தாண்டு பயன்படுத்தியது. பார்க்க அழகு, அட்சக்கோடு நேர். ஆனால் எந்த ஒன்றையும் முழுமையாகக் காப்பதில்லை. பரப்பைத் தோராயமாகத்தான் சொல்லும். 1998இல் அந்த இதழ் மாறிய விங்கல் டிரிப்பல் (1921) பொதுப் பயன்பாட்டுக்கு நல்ல சமரசம் என்றாலும் அட்சக்கோடுகள் வளைந்துவிடுவதால் நம் பாடத்துக்கு ஒத்துவராது. இரண்டையும் இத்தோடு விட்டுவிடலாம்.

ஈக்குவல் எர்த்: என் தேர்வு

போயன் சாவ்ரிச், டாம் பேட்டர்சன், பெர்ன்ஹார்ட் ஜென்னி ஆகிய மூவரும் 2018இல் வெளியிட்டார்கள். தோற்றத்தில் ராபின்சன் போல, பரப்பில் கால்-பீட்டர்ஸ் போல. பக்கவாட்டு ஓரங்கள் வளைந்திருப்பதால் பூமி உருண்டை என்ற நினைவு பார்ப்பவருக்கு இருந்துகொண்டே இருக்கும். அட்சக்கோடுகள் நேர்கோடுகள். அந்த ஆண்டு ஜூலை மாத உலக வெப்பநிலை, சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்ற படத்தை நாசாவின் கோடார்ட் ஆய்வு நிறுவனம் இந்த அமைப்பில் வெளியிட்டது. வந்த சில மாதங்களிலேயே காலநிலைப் பணியில் இடம் பிடித்துவிட்டது. 2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியம், மெர்காட்டரை விட்டுவிட்டு இதைப் பயன்படுத்தக் கோரும் இயக்கத்துக்கு ஆதரவு தெரிவித்தது.

குறை இல்லாமல் இல்லை. நிலநடுக்கோட்டில் வடக்கு தெற்காக ஏறக்குறைய 1.35 மடங்கு இழுவை இங்கேயும் உண்டு, கால்-பீட்டர்ஸ் அளவுக்கு இல்லை என்பதுதான் ஆறுதல். படத்தின் ஓரத்தில் உள்ள நாடுகள் சாய்ந்து தெரியும்.

இப்போது அந்தக் கணக்கு. பூமியின் பரப்பில் சரிபாதி, வடக்கு 30 பாகைக்கும் தெற்கு 30 பாகைக்கும் இடையில் இருக்கிறது. 60 பாகைக்கு அப்பால் இரு துருவப் பக்கமும் சேர்த்து 13.4 விழுக்காடுதான். ஒவ்வொரு படமும் தன் தாளில் இவற்றுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பாருங்கள்:

| படம் | 30 பாகைக்குள் | 60 பாகைக்கு அப்பால் |
|---|---|---|
| உண்மையான பூமி | 50% | 13.4% |
| இணைய மெர்காட்டர் (கைப்பேசி வரைபடங்களில் உள்ளது, 85 பாகை வரை) | 17.5% | 58% |
| சமதூரச் சதுரக் கட்டம் (அட்ச, தீர்க்கக் கோடுகள் சம இடைவெளியில்) | 33.3% | 33.3% |
| ராபின்சன் | சுமார் 42% | சுமார் 21% |
| கால்-பீட்டர்ஸ், ஈக்குவல் எர்த் | 50% | 13.4% |

இணைய மெர்காட்டரில் பாதிக்கும் மேற்பட்ட தாளை, பூமியின் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத பகுதி பிடித்துக்கொள்கிறது. இதை வெப்பச் சமநிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டுச் சராசரியில், இரு அரைக்கோளத்திலும் சுமார் 35 முதல் 40 பாகை வரை பூமி தான் வெளியேற்றுவதைவிட அதிக ஆற்றலைப் பெறுகிறது. அதற்கு அப்பால் பெறுவதைவிட இழப்பது அதிகம். இந்த உபரியைத் துருவங்களை நோக்கிக் கொண்டுசெல்லும் வேலையைத்தான் ஹாட்லி சுழற்சியும் (நிலநடுக்கோட்டருகே மேலெழுந்து 30 பாகை அருகே இறங்கும் காற்றோட்டம்), நடு அட்சப் புயல்களும், வளைகுடா நீரோட்டம் போன்ற கடல் நீரோட்டங்களும் செய்கின்றன. உபரி மண்டலம் பூமியின் பரப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு. இணைய மெர்காட்டரில் அது கால் பங்குக்கும் குறைவாகத் தெரியும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு "உபரிதான் பற்றாக்குறையை ஈடுகட்டுகிறது" என்று சொன்னால், இந்தச் சின்னப் பட்டை அவ்வளவு பெரிய பரப்புக்கு எப்படிப் போதும் என்று யோசிக்கும் மாணவர் கேட்கத்தான் செய்வார். அவர் கேள்வி சரி, படம்தான் தவறு.

அட்டவணையில் உள்ள சதுரக் கட்டப் படத்தை நான் தனியாக அலசாமல் விட்டதற்குக் காரணம், அதை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. ஆனால் காலநிலைத் தரவுகள் பெரும்பாலும் இந்த அட்ச-தீர்க்கக் கட்டங்களில்தான் கிடைக்கின்றன, கணினியில் திறந்தால் முதலில் வரும் படமும் இதுவே. ஆர்க்டிக் பகுதி 1979க்குப் பிறகு உலகச் சராசரியைவிட ஏறக்குறைய 4 மடங்கு வேகமாகச் சூடாகிவருகிறது. அந்தச் சூட்டைக் காட்டும் சிவப்பு நிறம் இந்தப் படத்தில் மேல்விளிம்பு முழுவதும் தடிமனாகப் பரவிவிடும். சூடாவது உண்மை, பரப்பு உண்மையல்ல. கல்லூரி மாணவர்கள் இந்தக் கட்டங்களில் உள்ள எண்களைக் கூட்டி நேரடியாகச் சராசரி எடுத்தால் அதே பிழை எண்ணிலும் நுழையும். ஒவ்வொரு கட்டத்தையும் அதன் அட்சத்தின் கோசைனால் பெருக்கி எடைபோட்ட பிறகே சராசரி எடுக்க வேண்டும்.

துருவத்துக்கு வேறு படம் வேண்டும்

ஈக்குவல் எர்த்தை மட்டும் மாட்டிவிட்டால் போதுமா என்றால், போதாது. மேலே சொன்ன படங்கள் அனைத்திலும் துருவம் ஒரு கோடாக நீண்டுவிடுகிறது, அல்லது மெர்காட்டர் போல வரவே வராது. அண்டார்டிகாவின் மேலுள்ள ஓசோன் ஓட்டையைப் பற்றி 1985இல் ஆய்வு முடிவு வெளிவந்தது. அதை உலகச் சுவர்ப்படத்தில் காட்ட முயன்றால் அடிவிளிம்பில் ஒரு நீளமான பட்டையாகத்தான் வரும். தென் துருவத்தை நடுவில் வைத்த படத்தில்தான் அது ஓட்டை போலத் தெரியும். துருவச் சுழலும் (துருவத்தின் மேல் சுழலும் குளிர்காற்று), அதைச் சுற்றி அலையலையாக ஓடும் தாரைக் காற்றும் அப்படியே. இதற்கு லாம்பர்ட்டின் துருவச் சமபரப்புப் படம் பொருத்தம்.

பள்ளிக்குப் படம் தயாரிக்க விரும்புகிறவர்கள் இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் (QGIS) பயன்படுத்தலாம். அதில் ஈக்குவல் எர்த்தின் குறியீட்டு எண் 8857. அது கிரீன்விச்சை நடுவில் வைக்கும். நடுத் தீர்க்கத்தை 80 பாகை கிழக்குக்கு மாற்றிக்கொண்டால் இந்தியாவும் இலங்கையும் சாயாமல் படத்தின் மையத்துக்கு வரும், இந்தியப் பெருங்கடல் முழுதாகத் தெரியும், பருவக்காற்றின் பாதையும் ஓரத்தில் உடைபடாது. அட்சக்கோடுகளை 10 பாகைக்கு ஒன்றாகப் போடுங்கள். 30, 60 இரண்டையும் மட்டும் தடிமனாக்குங்கள். இந்தியப் பள்ளிகளுக்கு என்றால் நாட்டின் எல்லைக்கோட்டை இந்திய நில அளவைத் துறை வெளியிட்டதிலிருந்தே எடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் எல்லைக் கோப்புகள் பலவும் அதனோடு ஒத்துப்போவதில்லை.