ஸ்டீமிட்டா, ஹைவா? எழுதிக் காசு பார்க்க நினைக்கும் வடசென்னைக்காரர்களுக்கு

எழுதினால் கிரிப்டோ கிடைக்கும் என்கிற தளங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, நம்ம ஏரியா பிள்ளைகள் முதலில் கேட்பது "மாசம் எவ்ளோ வரும்ணா?" என்பதைத்தான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் எந்தத் தளம் என்று முடிவு செய்ய அந்தக் கேள்வி உதவாது. எல்லாவற்றிலும் புதிதாக வருபவருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். கேட்க வேண்டியவை வேறு இரண்டு. வந்த காயின் உண்மையில் யார் கையில் இருக்கிறது? அது என் பேங்க் கணக்குக்கு ரூபாயாக வந்து சேர எத்தனை கதவைத் தாண்ட வேண்டும்? இந்த இரண்டையும் வைத்துத்தான் ஸ்டீமிட்டையும் ஹைவையும் எதிரெதிரே நிறுத்துகிறேன். பிளர்ட், பப்ளிஷ்ஜீரோஎக்ஸ் என்று இதே ரகத் தளங்கள் இன்னும் இரண்டு, அவை போகிற போக்கில்.

சொத்து பிரிந்த கதை

ஸ்டீம் என்கிற பிளாக்செயின் (பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்குப் புத்தகம், சுருக்கமாகச் செயின்) 2016 மார்ச்சில் தொடங்கியது. ஆரம்பித்தவர்கள் நெட் ஸ்காட், டான் லாரிமர். அதன் மேல் ஓடும் எழுத்துத் தளம்தான் ஸ்டீமிட். இங்கே படிப்பவர் கையை விட்டுக் காசு கொடுப்பதில்லை, ஓட்டுப் போடுகிறார். புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும் காயின்களில் ஒரு பங்கு அந்த ஓட்டுகளின்படி பதிவுகளுக்குப் பிரிந்து போகிறது. ஓட்டுக்கு எடை உண்டு: ஓட்டுப் போடுபவர் எவ்வளவு காயினைப் பூட்டி வைத்திருக்கிறாரோ அவ்வளவு எடை. கொருக்குப்பேட்டையில் உங்கள் தெருவே திரண்டு ஓட்டுப் போட்டாலும் அவர்களிடம் பூட்டிய காயின் இல்லையென்றால் பதிவுக்குக் கீழே பூஜ்யம்தான் நிற்கும். எங்கோ இருக்கும் ஒரு பெரிய கை ஒரு தடவை அமுக்கினால் டாலர் கணக்கில் ஏறும். நண்பர்களை வரிசையாகச் சேர்த்துவிட்டால் சம்பாதிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

2017 கடைசியில் நல்ல காலம் ஒன்று இருந்தது. ஒரு டாலரை ஒட்டி நிற்க வேண்டிய, ஸ்டீமின் எஸ்பிடி காயின் பத்து டாலரைத் தாண்டிப் போனது. அந்தக் கதையைச் சொல்லித்தான் இன்னமும் ஆள் பிடிக்கிறார்கள். அது முடிந்துபோன கதை.

2020 பிப்ரவரியில் டிரான் என்கிற வேறொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். நிறுவனத்திடம் இருந்த பெரிய காயின் இருப்பை வைத்து அவர் செயினையே வளைத்துவிடுவார் என்று பயந்து, காயின் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து, செயினை நடத்திவந்த விட்னஸ்கள் அந்த இருப்பை முடக்கினார்கள். பதிலுக்கு, பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய எக்ஸ்சேஞ்சுகளில் (காயின் வாங்கி விற்கும் சந்தைகள்) வாடிக்கையாளர்கள் போட்டு வைத்திருந்த காயின்களைக் கொண்டே விட்னஸ் தேர்தலில் சன் பக்கம் ஓட்டு விழுந்தது. ஊரார் காசில் ஓட்டு! சண்டை முற்றி, அதே ஆண்டு மார்ச் 20 அன்று ஒரு கூட்டம் செயினை அப்படியே நகலெடுத்துக்கொண்டு ஹைவ் என்று தனிக்குடித்தனம் போனது. அண்ணன் தம்பி சொத்து பிரித்த மாதிரிதான். பழைய வீட்டில் ஒருவர், அதே கதவு ஜன்னலோடு கட்டிய புது வீட்டில் இன்னொருவர்.

புதிதாக வருபவருக்கு இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். அதே 2020 மே மாதம் நடந்ததற்காகத்தான் சொல்கிறேன். ஸ்டீம் செயினில் ஒரு மாற்றம் செய்து, 64 கணக்குகளிலிருந்து ஏறத்தாழ 2.36 கோடி ஸ்டீம் காயின்களை உருவி எடுத்தார்கள். கணக்கைத் திறக்கும் ரகசியச் சாவி (நீளமான பாஸ்வேர்ட்) உரிமையாளர்களிடம்தான் இருந்தது. இருந்தும் காயின் போய்விட்டது. "உன் சாவி, உன் காசு" என்று கிரிப்டோகாரர்கள் மேடை போட்டுப் பேசுவதற்கு இதைவிடப் பெரிய அடி இல்லை.

ஹைவும் ஒன்றும் சந்நியாசி இல்லை. நகல் எடுக்கும்போது ஸ்டீமிட் நிறுவனத்தின் பங்கையும், சன் பக்கம் நின்ற சில கணக்குகளின் பங்கையும் கொடுக்காமல் விட்டுத்தான் தொடங்கியது. ஆனால் பாடம் ஒன்றைக் கற்றது. புதிதாகப் பூட்டிய காயினை வைத்து விட்னஸ் தேர்தலில் ஓட்டுப் போட 30 நாள் காத்திருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. எக்ஸ்சேஞ்ச் ஒன்று ராத்திரியோடு ராத்திரியாக ஆட்சியைக் கவிழ்க்க முடியாது. என் ஓட்டு ஹைவுக்கு விழ முக்கியக் காரணம் இது.

கையில் ஒரு போன் மட்டும் இருந்தால்

ஸ்டீமிட்டில் சேர ஈமெயிலும் போன் நம்பரும் கேட்பார்கள். ஹைவில் கணக்குத் தொடங்க 3 ஹைவ் காயின் கட்டணம் உண்டு. ஆனால் ஏற்கெனவே உள்ளவர்களும் சில தளங்களும் இலவசமாகவே கணக்கு தருவார்கள். யூடியூப் பார்த்து எவனுக்கோ காசு அனுப்பிக் கணக்கு வாங்க வேண்டியதில்லை. போனிலேயே எழுத ஈசென்சி ஆப் போதும். பெரிய திரை இருந்தால் பீக்டி என்கிற வலைத்தளம் வசதி. இரண்டும் ஒரே செயினின் வெவ்வேறு வாசல்கள். ஒன்று படுத்துவிட்டால் அடுத்ததில் நுழையலாம், பதிவுகள் அங்கேயே இருக்கும். ஸ்டீம் பக்கம் அநேகமாக எல்லோரும் ஒரே வாசலில்தான் நிற்கிறார்கள்.

இரண்டிலும் பாஸ்வேர்டை மறந்தால் "ஃபர்காட் பாஸ்வேர்ட்" பொத்தான் கிடையாது. ஓனர், ஆக்டிவ், போஸ்டிங், மெமோ என்று நான்கு சாவி தருவார்கள். தினமும் எழுத, ஓட்டுப் போட போஸ்டிங் சாவி மட்டும் போதும். காசை நகர்த்த ஆக்டிவ். ஓனர் சாவியைப் பேப்பரில் கையால் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். நம்ம ஊர் வழக்கப்படி வாட்ஸ்அப்பில் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி பிரிண்ட் எடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அந்தக் கம்ப்யூட்டரில் எத்தனை பேர் உட்காருகிறார்கள்?

முதல் பதிவு அறிமுகப் பதிவு. கணக்கின் பெயரை எழுதிய காகிதத்தைக் கையில் பிடித்து ஒரு படம் போடுவது இரண்டு பக்கமும் வழக்கம். ஸ்டீமிட்டில் புதியவர்களைக் கைப்பிடித்து நடத்துவது கொஞ்சம் பள்ளிக்கூடம் போல இருக்கும்: இந்தப் பாடத்தை முடி, அந்தப் போட்டியில் எழுது, சம்பாதித்ததில் பாதியைப் பூட்டு என்று. நல்ல பதிவுகளைத் தேடிப் பிடிக்கும் தளத்தின் சொந்த கியூரேட்டர் கணக்குகளே சுற்றி வந்து ஓட்டுப் போடும். ஒழுங்காகச் சொன்னதைச் செய்பவருக்கு முதல் வருமானம் அங்கே சீக்கிரம் கண்ணில் படலாம், அதை மறுக்க மாட்டேன். ஹைவில் அப்படி வாத்தியார் யாரும் இல்லை. ஓசிடி போன்ற குழுக்கள் நல்ல அறிமுகப் பதிவுகளைத் தேடி ஓட்டுப் போடுவார்கள். மற்றபடி நீங்களாகவே ஒரு கம்யூனிட்டியைக் கண்டுபிடித்து, நாலு பேர் பதிவைப் படித்து, உருப்படியாகக் கமெண்ட் போட்டுத்தான் ஆள் தெரிய வேண்டும்.

திரையில் 2 டாலர், கையில் எவ்வளவு?

ஹைவில் ஒரு பதிவுக்கு 2 டாலர் காட்டுகிறது என்று வையுங்கள். முதல் 7 நாள் அது வெறும் எண்தான், ஏறலாம், இறங்கலாம். ஏழாம் நாள் பாதி ஓட்டுப் போட்டவர்களுக்குப் போய்விடும். மிச்சம் 1 டாலர். அதில் பாதி, எஸ்பிடி போல டாலரை ஒட்டி நிற்க வேண்டிய ஹெச்பிடி காயினாக வரும், மறுபாதி ஹைவ் பவராகப் பூட்டப்பட்டு வரும். பூட்டியதை எடுக்க வேண்டுமென்றால் வாரம் ஒரு தவணையாக 13 வாரம். ஆக, 2 டாலர் பதிவில் உடனே நகர்த்தக்கூடியது அரை டாலர். பதிவின் மதிப்பு 2 சென்ட்டைத் தொடவில்லை என்றால் ஒன்றுமே வராது.

ஸ்டீமிலும் பாதிக்குப் பாதி, 7 நாள் கணக்குதான். ஆனால் பூட்டைத் திறக்க 4 வாரம் போதும். அவசரக்காரர்களுக்கு அது வசதி. எஸ்பிடி ஒரு டாலருக்கு மேல் விலை போகும் காலங்களும் உண்டு, அப்போது ஸ்டீமிட்காரர் கை ஓங்கும். ஹெச்பிடி பெரும்பாலும் டாலரை ஒட்டியே நடப்பதால் கணக்குப் போட்டு வாழ எளிது. விலை ஏறும் என்று ஆசைப்படுபவருக்கு அது, எவ்வளவு வரும் என்று தெரிந்தால் போதும் என்பவருக்கு இது.

இன்னொரு வித்தியாசம் டவுன்வோட், அதாவது பதிவின் மதிப்பைக் குறைக்கும் எதிர் ஓட்டு. இரண்டு செயினிலும் உண்டு என்றாலும் ஹைவில் அதைத் தாராளமாகவே பயன்படுத்துவார்கள். நெட்டில் சுட்ட படம், காப்பி அடித்த கட்டுரை, ஏஐ எழுதித் தந்த பதிவு என்று தெரிந்தால் வரவேண்டிய காசை மொத்தமாக அழித்துவிடுவார்கள். சில நேரம் பெரிய கைகள் சொந்தப் பகைக்கும் இதைப் பயன்படுத்துவது உண்டு. கோபம் வந்தால் சுவரில் முட்டிக்கொள்வதைத் தவிர வழியில்லை, புகார் கொடுக்க மேனேஜர் கிடையாது.

அதனால்தான் சொந்தப் படம், சொந்தச் சரக்கு முக்கியம். அதற்கு நமக்குப் பஞ்சமா? விடியற்காலை காசிமேட்டு மீன் ஏலம், பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ கடைகள், 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், வியாசர்பாடி கால்பந்து, எண்ணூர் கழிமுகத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய். கொரியாவில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுக்காரர் இதையெல்லாம் வேறெங்கே படிப்பார்? பிட்காயின் விலை அலசலை ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், அதில் போய் ஆயிரத்து ஒன்றாவதாக நிற்காதீர்கள். எடையுள்ள ஓட்டுக்காரர்களில் தமிழ் படிப்பவர்கள் குறைவு. மேலே தமிழ், கீழே ஆங்கிலத்தில் சாரம் என்று போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஒரு எச்சரிக்கை. செயினில் ஏறியது அழியாது. பதிவைத் திருத்தலாம், மறைக்கலாம், பழைய வடிவம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகம், வீட்டு நம்பர் தெரியும் படம், ஏரியா தகராறு இதெல்லாம் வேண்டாம்.

மற்ற இரண்டும்

பிளர்ட், 2020 ஜூலையில் ஸ்டீமிலிருந்து கிளம்பிய இன்னொரு கிளை. டவுன்வோட்டே கிடையாது, பதிலுக்கு ஒவ்வொரு செயலுக்கும் சின்னக் கட்டணம். நிம்மதியாகத்தான் இருக்கும், ஆனால் காயினை வாங்க ஆள் குறைவு. பப்ளிஷ்ஜீரோஎக்ஸ் வேறு ரகம்: படிப்பவர் டிப் கொடுப்பார், காசு தளத்தினுடையது, எழுத்தாளருக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று அவரே பிரிப்பார். நான்கு சாவித் தலைவலி இல்லை. எழுத விண்ணப்பம் போட வேண்டும், எழுத்து நிறுவனத்தின் சர்வரில்தான் கிடக்கும். கிரிப்டோ என்றால் என்னவென்று வாசகராக எட்டிப் பார்க்க அது போதும்.

ரூபாயாக்கும் இடம்

ஹெச்பிடியை ஹைவின் உள்சந்தையிலேயே ஹைவாக மாற்றலாம், கட்டணம் இல்லை. ஹைவை விற்க அந்தக் காயினை எடுத்துக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் வேண்டும். நம் நாட்டின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பைனான்ஸ் 2024-ல் பதிவு செய்தது, அங்கே ஹைவும் ஸ்டீமும் இரண்டுமே விற்பனையாகி வந்தவை. விற்று வந்த டாலர் காயினை முகம் தெரியாதவரிடம் பி2பி-யில் (ஆளுக்கு ஆள் நேரடி விற்பனை) ரூபாயாக்கும்போது கவனம். வாங்குபவர் அனுப்பும் பணம் மோசடிப் பணமாக இருந்தால், எங்கோ ஒரு மாநிலத்தில் பதிவான சைபர் கிரைம் புகாருக்கு உங்கள் பேங்க் கணக்கு முடங்கும். சம்பளம் வரும் கணக்கை இதற்குக் கொடுக்காதீர்கள்.

வரி: 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2022 ஜூலை முதல், வரம்பைத் தாண்டிய விற்பனைக்கு 1 சதவீத டிடிஎஸ்ஸும் உண்டு. ஒவ்வொரு வருமானமும் வந்த நாள், அன்றைய விலை இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் ஆடிட்டர் முன்னால் முழிக்க வேண்டாம்.

எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது முகவரியோடு மெமோ என்று ஒரு எண்ணும் தருவார்கள் (மேலே சொன்ன மெமோ சாவி வேறு, அதை இங்கே போடாதீர்கள்). ஹைவானாலும் ஸ்டீமானாலும் அந்த மெமோ இல்லாமல் அனுப்பினால் காயின் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது, திரும்ப வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். இரண்டு செயினிலும் அனுப்பக் கட்டணம் இல்லை என்பதால், எக்ஸ்சேஞ்சின் குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்று பார்த்து, அந்தச் சின்னத் தொகையை முதலில் அனுப்புங்கள். அது போய்ச் சேர்ந்த பிறகு மிச்சத்தை அனுப்பலாம்.