அமெரிக்காவின் சிறார் படைவீரர் பட்டியல்: எப்படிப் படிப்பது, எங்கே கைவிடுகிறது

அமெரிக்க வெளியுறவு அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் ஆள்கடத்தல் அறிக்கைக்குள் ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. அரசுப் படைகளிலோ அரசு ஆதரிக்கும் ஆயுதக் குழுக்களிலோ சிறாரைச் சேர்க்கும் நாடுகளின் பெயர்கள் அதில் வரும். 2008ஆம் ஆண்டின் சிறார் படைவீரர் தடுப்புச் சட்டம் அதற்கு அடிப்படை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சிங்கப்பூரில் ஏற்றுமதி அனுமதிகளைக் கவனிப்பவர்களுக்கும், ஜிபி எனப்படும் பொதுத்தாள் கட்டுரை எழுதும் தொடக்கக்கல்லூரி மாணவர்களுக்கும், தொண்டூழியர்களுக்கும் இது பயன்படும்.

இதன் பெரும்பலம் வரையறை. துப்பாக்கி ஏந்திய பிள்ளை மட்டும் கணக்கில்லை. சமையல், சுமை தூக்குதல், தூது, காவல், பாலியல் அடிமைத்தனம் எல்லாம் அடங்கும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் கட்டாயமாகச் சேர்ப்பதும் நேரடிச் சண்டையில் இறக்குவதும் குற்றம். அரசுப் படையில் விருப்பத்தின்பேரில் சேர்வதற்கான எல்லையோ 15. மாணவர்கள் குழம்புவது இங்கேதான். சிறாரைப் போரில் ஈடுபடுத்துவது பற்றிய ஐநாவின் விருப்ப நெறிமுறையில் 2008ல் இணைந்த சிங்கப்பூர், விருப்பச் சேர்ப்புக்கு அறிவித்த குறைந்தபட்ச வயது பதினாறரை. அது விதிமீறல் அல்ல.

தேடும்போது இரண்டைக் கவனியுங்கள். மியான்மார் என்று தேடினால் கிடைக்காது, அமெரிக்க ஆவணத்தில் அது பர்மா. ஒரு நாடு ஏன் இடம்பெற்றது என்பதைப் பட்டியல் சொல்லாது. அதே அறிக்கையில் அந்த நாட்டைப் பற்றிய தனிப்பகுதியைப் படிக்க வேண்டும். 2021ல் துருக்கி இடம்பெற்றதன் பின்னணி அங்கேதான் புரியும்: சிரியாவில் அது ஆதரித்த ஆயுதக் குழு. இந்தப் பட்டியலில் வந்த முதல் நேட்டோ நாடு அது.

பட்டியலோடு நிறுத்திவிட்டால் பெரும் தவறு நேரும். பட்டியலில் வந்த நாடுகளுக்கு அமெரிக்க ராணுவ உதவி மீதான தடை அமலாவது அடுத்த நிதியாண்டில், அக்டோபர் 1 முதல். ராணுவப் பயிற்சி, ஆயுதம் வாங்க நிதி, மிகுதித் தளவாடங்கள், அமைதிகாப்பு உதவியின் ஒரு பகுதி, தனியார் ஆயுத விற்பனை உரிமம் ஆகியவை நிற்கும். ஆனால் அதிபர் "தேசிய நலன்" என்று சொல்லி முழுதாகவோ பகுதியாகவோ விலக்கு தரலாம். அந்த அறிவிப்பு தனி ஆவணமாக வரும். அதையும் எடுத்து, நாடு நாடாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். 2010ல் வந்த முதல் பட்டியலில் ஆறு நாடுகள்: மியான்மார், சாட், காங்கோ ஜனநாயகக் குடியரசு, சோமாலியா, சூடான், ஏமன். அதே அக்டோபரில் சாட், காங்கோ, சூடான், ஏமன் நான்குக்கும் அப்போதைய அதிபர் ஒபாமா விலக்களித்தார். மியான்மார்மீது முன்பே வேறு தடைகள் இருந்தன. சட்டம் தன் முதல் ஆண்டிலேயே இப்படிப் பல்லிழந்தது வேதனைக்குரியது. 2017ல் வெளியுறவு அமைச்சர் டில்லர்சன், தம் அதிகாரிகளே எதிர்த்தும், ஈராக்கையும் மியான்மாரையும் நீக்கினார். மறு ஆண்டே இரண்டும் திரும்ப வந்தன. ஆகவே ஒரே ஓர் ஆண்டின் பட்டியலை மட்டும் மேற்கோள் காட்டாதீர்கள்.

தமிழ் வாசகர் பலர் விடுதலைப் புலிகளின் பெயரை இதில் தேடக்கூடும். கிடைக்காது. இது அரசுகளுக்கான பட்டியல். அரசு சாரா ஆயுதக் குழுக்களுக்கு ஐநா தலைமைச் செயலாளரின் ஆண்டறிக்கைப் பின்னிணைப்பைப் பார்க்க வேண்டும். புலிகளின் பெயர் அங்கேதான் இருந்தது. ஈழப் பிள்ளைகளைப் பற்றி எழுதுபவர்கள் அதை விடவே கூடாது.

ஏற்றுமதிக்காரர்களுக்கு: இது பொதுவான வணிகத் தடைப் பட்டியல் அன்று. பெயர் இருக்கிறது என்பதற்காக அரிசியையும் மருந்தையும் நிறுத்தி வைக்கத் தேவையில்லை. அமெரிக்கத் தயாரிப்பான ராணுவப் பொருளையோ உதிரிப்பாகத்தையோ இங்கிருந்து மறு ஏற்றுமதி செய்வதானால் மட்டும் அமெரிக்க வெளியுறவு அமைச்சின் ஒப்புதலும் வேண்டும், அது மறுக்கப்படலாம். ஆயுதம் போன்ற உத்திபூர்வப் பொருள்களுக்குச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை தரும் அனுமதி வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்ததாகாது. காங்கோ தொடர்பான பணப் பரிமாற்றம் என்றால் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிமுறைகளையும் பாருங்கள். அங்கே சிறாரைப் படையில் சேர்க்கும் தலைவர்கள்மீது 2006ல் ஐநா பாதுகாப்பு மன்றம் தீர்மானம் 1698 மூலம் தடைகளை விரிவாக்கியது. பெயர் குறிக்கப்பட்டவர்களின் சொத்து முடக்கம் இங்குள்ள வங்கிகளையும் கட்டுப்படுத்தும்.