ஆரோ, குட் டேர்ன், ஸ்வாலோ: மூன்று கதைப் படகுகள்

பழைய சிறுவர் சாகசக் கதைகளில் எது படகோட்டக் கற்றுத்தருகிறது என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: படகுக்கு ஆபத்து வந்தால் தப்பு யார் மேல்?

1910-இல் வந்த டாம் ஸ்விஃப்ட் வரிசையில் பெரும்பாலும் எதிராளி மேல்தான். டாம் ஏலத்தில் எடுத்த 'ஆரோ' மோட்டார் படகுக்குப் போட்டியாக ஆண்டி ஃபோகரின் 'ரெட் ஸ்ட்ரீக்', கூடவே திருடர்கள். வரிசையை உருவாக்கிய ஸ்ட்ராட்மேயர் கதைச்சுருக்கம் தருவார், எழுதுபவருக்கு மொத்தமாக ஒரு தொகை, புத்தகம் மலிவு விலையில். வேகம் உண்டு, விறுவிறுப்பு உண்டு. சுக்கான் பிடிக்க மட்டும் வராது.

இந்த மலிவு வரிசைகளை அமெரிக்கச் சாரணர் இயக்க நூலகர் மேத்யூஸ் 1914-இல் கட்டுரை எழுதியே சாடினார். அவர் ஊக்குவித்த ஃபிட்ஸ்ஹியூவின் டாம் ஸ்லேட் கதைகள் 1915 முதல் வந்தன. 'குட் டேர்ன்' படகில் பையன்கள் ஹட்சன் ஆற்றில் முகாமுக்குப் போகிறார்கள். கதாபாத்திரங்கள் நிஜ மனிதர்கள் போலவே இருக்கிறார்கள், ஆனால் ஆசிரியரின் கண் சாரண ஒழுக்கத்தில்தான். ட்ராய் ஊர்வரை கடலின் ஏற்றவற்றம் எட்டும் ஆறு அது. மணிக்கு 10 கி.மீ. போகும் படகு, 3 கி.மீ. எதிரோட்டத்தில் 7 தான் போகும். அந்தக் கணக்கை வாசகர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆர்தர் ரான்சம் 1930-இல் தொடங்கிய வரிசை வேறு ரகம் (பெண்பிள்ளைகளும் சரிசமமாக ஓட்டுகிறார்கள்). 'ஸ்வாலோ' 13–14 அடிப் பாய்ப்படகு. தீவுத் துறைக்குள் பாறைகளுக்கு நடுவே நுழைய இரண்டு அடையாளங்கள்: முன்னால் ஒரு மரக்கட்டை, பின்னால் ஒரு கவட்டை மரம். இரண்டும் நேர்கோட்டில் தெரிந்தால் வழி சரி. முன்னது இடப்பக்கம் விலகித் தெரிந்தால் நீங்கள் வலப்பக்கம் ஒதுங்கிவிட்டீர்கள். இடப்பக்கம் திருப்ப வேண்டும். இரவில் இரண்டிலும் லாந்தர். இதை எந்தக் குளத்திலும் செய்து பார்க்கலாம்.

1931-இல் வந்த இரண்டாம் புத்தகத்தில் ஸ்வாலோ மூழ்குகிறது. காற்று ஏறியும் படகின் தலைவனான சிறுவன் ஜான் பாயைச் சுருக்கவில்லை. பின்காற்றில் பாய் திடீரென மறுபக்கம் அடிக்க, படகு திரும்பிப் பாறையில் மோதுகிறது. தப்பு முழுக்க அவனுடையது; அவனுக்கும் தெரியும். பிறகு முங்கி அடிப்பாரத்தை (படகு சாயாமலிருக்க அடியில் வைக்கும் எடை) வெளியே எடுப்பது, ஓட்டையை அடைப்பது, புதுப் பாய்மரம் செதுக்குவது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. எனக்கு அந்தப் பக்கங்களே போதும்.

இது வெறும் கதைப் பயம் அல்ல. 1912 ஆகஸ்ட் 4 அன்று இங்கிலாந்தின் லேஸ்டவுன் கரைக்கு அப்பால் சாரணர் படகு கவிழ்ந்து 9 சிறுவர்கள் இறந்தார்கள்.

ரான்சமிடம் ஒரு குறை: பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை கிடையாது. முதல் புத்தகத்தில் படகில் போகிறவர்களிலேயே சின்னவனான ரோஜருக்கு நீச்சலே சரியாக வராது. புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போது அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.