ஷேவிங் ஃபோம் கேன்: நுரைக்கு ஓகே, கேன் மூக்குக்கு ஒரு ஸ்டார் கட்

நுரை நிக்குதான்னு மட்டும் பாத்தா தாராளமா அஞ்சு ஸ்டாரும் குடுக்கலாம். கன்னத்துல தடவிட்டு ரேசர் தேடிட்டு வந்து பாத்தாலும் போட்டது போட்டபடி இருக்கு, தண்ணி வடிஞ்சு கழுத்துல இறங்கல. பம்ப் ஹேண்ட்வாஷ் நுரையெல்லாம் அதுக்குள்ள பெரிய பெரிய குமிழாகி அமுங்கிடும்.

லேபிள பாத்தா ஏன்னு புரியும், ஸ்டியரிக் ஆசிட், ட்ரைஎத்தனாலமைன். ரெண்டும் சேந்து சோப்பாகி குமிழ சுத்தி விறைப்பா ஒரு தோல் கட்டுது, அதனால நடுவுல இருக்கற தண்ணி மெதுவா தான் வடியும், குமிழும் லேசுல உடையாது. ஆனா சின்ன குமிழுக்குள்ள பிரஷர் ஜாஸ்தி, அதுல இருக்கற கேஸ் பெரிய குமிழுக்கு கசிஞ்சுகிட்டே தான் இருக்கும், அத யாராலயும் முழுசா நிறுத்த முடியாது, ஷேவ் முடியற வரைக்கும் தாங்குனா போதும்ல. 1991ல நுரை எப்படி வயசாகுதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்களே ஜில்லெட் ஃபோம வச்சு தான் பண்ணாங்க, அதுல 92% வெறும் கேஸாம் (நான் வாங்குனது வேற பிராண்ட்).

குலுக்காம அடிச்சா மட்டும் சளசளன்னு தண்ணியா வருது. கேனுக்குள்ள இருக்கறது நுரையே இல்ல, எமல்ஷன். ஐசோபியூட்டேன், புரொபேன் எல்லாம் பிரஷர்ல திரவமாகி சோப்பு தண்ணில துளித்துளியா கலந்திருக்கும், வெளிய வந்து அந்த துளி ஆவியானா தான் நுரை. சும்மா வச்சிருந்தா துளியெல்லாம் லேசுங்கறதால மேல போய் சேந்துடும், டியூப் அடியில இருந்து உறிஞ்சறதால வெறும் சோப்பு தண்ணி தான் சிக்கும். இவ்ளோ முக்கியமான விஷயத்த, அதான் நல்லா குலுக்கணும்ங்கறத, பின்பக்கம் எறும்பு சைஸ்ல போட்டிருக்காங்க. தலைகீழா புடிச்சு அடிச்சுடாதீங்க, கேஸ் மட்டும் புஸ்ஸுன்னு போயிடும், அப்புறம் உள்ள லிக்விட் இருந்தும் கேன் வேஸ்ட்.

முகத்துல எண்ணெய் இருந்தாலும் நுரை சீக்கிரம் உடையும், உப்புத்தண்ணில கால்சியம் சோப்ப புடிச்சுக்கும், அப்பவும் அதே கதி தான், அதுக்கு கேன திட்டி பிரயோஜனம் இல்ல.

தாடி முரடா இருந்தா ஜெல் டைப் பாருங்க. அதுல ஐசோபென்டேன், கொதிநிலையே 28 டிகிரி கிட்ட தான், தோல் மேல வச்சு தேய்க்க தேய்க்க தான் நுரைக்கும், முடியோட அடி வரைக்கும் போகும். சாதா தாடிக்கு இந்த ஃபோமே தாராளம்.

ஸ்டார் கட் பண்ணது கேனோட மூக்குக்கு, அதான் நுரை வெளிய வர்ற முனைக்கு. அடிச்சு முடிச்சு கீழ வச்ச பிறகும் அதுக்குள்ள மாட்டுன மிச்சம் நுரைச்சு நுரைச்சு வெளிய வந்துகிட்டே இருக்கு, மூடி உள்பக்கம் எல்லாம் பிசுபிசுன்னு, தினமும் தொடைக்கணும்.